அப்பாவுக்கு ஒரு முகம்

எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் அப்பா, போன பொங்கலுக்குக் கண் சிமிட்டினார்.

பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நாற்காலி மேல் ஏறி நின்று, சுவரில் இருந்த படத்தைப் போனில் எடுத்தாள். கொஞ்ச நேரம் விரலால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மூக்குக்கு நேரே போனை நீட்டி, "தாத்தா, ஒங்க அப்பாவப் பாருங்க" என்றாள்.

அப்பா தலையை லேசாகத் திருப்பினார். கண்ணை மூடித் திறந்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. வீடே கூடிவிட்டது. மருமகள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் மகன், "கண்ணப் பாருங்கப்பா, ஒங்களையே உரிச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றான்.

ஆமாம் என்றேன். நல்ல நாளும் அதுவுமாய் வேறு என்ன சொல்வது? அது என் அப்பா இல்லை, தாடை சித்தப்பாவுடையது, கண் என்னுடையது, கோட்டு ஸ்டுடியோக்காரருடையது என்று சொல்லியிருந்தால், தாத்தாவுக்கு வயசாகிவிட்டது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வயசாகிவிட்டதும் உண்மைதான். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. மாத்திரை போட்டேனா இல்லையா என்று மாத்திரை அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஆனால் அந்த ஸ்டுடியோ மாடிப்படியில் நாலு பேர் செருப்பு எப்படிக் கிடந்தது என்பது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அத்தையின் செருப்பு ஒன்று குப்புறக் கிடந்தது. இதையெல்லாம் எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறேன், வேண்டியதையெல்லாம் எங்கே கொட்டினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். பஞ்சைச் சிக்கெடுத்துத் திரியாக்கும் மிஷினில் நிற்கிற வேலை. ஷிப்டு முடிந்து வரும்போது தலை, புருவம், காதோர முடியெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருக்கும். வீட்டுக்குள் நுழையும் கிழவர், குளித்துவிட்டு வெளியே வரும்போது வாலிபராகிவிடுவார். எல்லோர் வீட்டு அப்பாவும் தினம் ஒரு தடவை கிழவராகி மறுபடி வாலிபராவார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். மஞ்சள் காமாலை வந்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவர் திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். அதிலும் நான் அதிக நாள் இருக்கவில்லை, அது வேறு கதை.

அப்பாவை ஒரே ஒரு தடவைதான் போட்டோ எடுத்திருக்கிறார்கள். ஒரு ஆயுத பூசை அன்றைக்கு மில்லில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி எடுத்தது. அந்தக் கால கேமராவில் அசையாமல் நிற்க வேண்டும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அப்பா மட்டும் பக்கத்தில் நின்றவன் சொன்ன ஏதோ ஒன்றுக்குத் தலையைத் திருப்பிச் சிரித்துவிட்டார். அதனால் அவர் சட்டை இருக்கிறது, வேட்டி இருக்கிறது, நெற்றி முதல் கழுத்து வரை வெள்ளையாக ஒரு கலங்கல். பக்கத்தில் நிற்பவன் முகம் பொட்டு முதற்கொண்டு தெளிவாகத் தெரிகிறது. அவன் யாரென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

முதல் வருசத் திதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது சேத்தூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். குரல் பெரிய குரல். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டி, திதிக்குப் படம் வேண்டாமா? வெறுஞ் சுவத்தப் பாத்தா சூடம் காட்டப் போற?"

அம்மா அடுப்படியில் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா போன பிறகு அம்மா பலசரக்குக் கடைகளுக்குப் புளி உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, "படத்துக்கு எங்க போக மதினி? அந்த ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

"அந்த ஒண்ணுதான் எனக்குத் தெரியுமே. மூஞ்சியத் தவிர எல்லாம் இருக்கு. வில்லிபுத்தூர்ல ஒரு பாய் இருக்காராம். ஆளு இல்லாமலே வரைஞ்சு தாராராம். சாயலச் சொன்னாப் போதுமாம்."

நாங்கள் நாலு பேர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். அத்தை, அம்மா, சித்தப்பா, நான். சித்தப்பா அப்பாவுக்குத் தம்பி, அப்போது கல்யாணம் ஆகாதவர், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். போட்டோ எடுக்கப்போவது தன்னை என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்ததோ என்னவோ.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மேற்கு மலை இருக்கிறதே, அது ராஜபாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் கால் நீட்டிப் படுத்திருக்கும் மாடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் மாட்டைக் காணோம். முறத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி நிற்கும். அன்றைக்கு நான் சித்தப்பாவிடம், "இங்க வேற மல இருக்கு" என்றேன். "அதே மலதாம்லே" என்றார். நான் நம்பவில்லை.

ஸ்டுடியோ தேர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. பாய் ஒல்லியாக, வெள்ளைத் தொப்பியும் கைலியுமாக இருந்தார். சுவர் முழுக்க அவர் வரைந்த ஆட்கள். முக்கால்வாசிப் பேர் செத்தவர்கள். எல்லோரும் ஒரே கோட்டுப் போட்டிருந்தார்கள்.

பாய் மில் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆளு இருக்காரு, மூஞ்சி இல்லையேம்மா. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல பஞ்சுதான் இருக்கு."

"அதுக்குத்தான வந்திருக்கோம்" என்றாள் அத்தை. "நான் சொல்லுதேன், வரைங்க. மூக்கு எங்க ஐயா மாதிரி. கூரா, கிளி மூக்கு."

"அக்கா, கிளி மூக்கு ஒனக்குத்தான். அண்ணனுக்குச் சப்ப மூக்கு" என்றார் சித்தப்பா.

"ஏலே, இடுப்புல தூக்கி வளத்தவ நானு. எம்புட்டுச் சளி சிந்தி விட்டிருப்பேன், எனக்குத் தெரியாதா அவன் மூக்கு?"

"அது அண்ணனுக்கு ரெண்டு வயசுல. பொறவு மூக்கு வளராதாக்கும்?"

பாய் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "மூக்கு கெடக்கட்டும். கண்ணு?"

"பெருசா, செவசெவன்னு இருக்கும் பாய்" என்றார் சித்தப்பா. "ஒரு பார்வ பாத்தா நமக்கு ஒண்ணுக்கு வந்துரும்."

"போலே. கன்னுக்குட்டிக் கண்ணு அவனுக்கு. நீ களவாண்டு தின்னுட்டு மாட்டிக்கிட்டப்ப பாத்த கண்ண வச்சுச் சொல்லாத."

கன்னத்தில் ஒரு மரு உண்டு என்பதில் இரண்டு பேருக்கும் சம்மதம். எந்தக் கன்னம் என்று பாய் கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் தொட்டுக் காட்டினார்கள். அத்தை இடது கன்னத்தை, சித்தப்பா வலது கன்னத்தை. பாய் சிரிக்காமல், "ரெண்டு பக்கமும் வச்சிருவமா?" என்று கேட்டார்.

அத்தைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணீரும் வந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது. அத்தை கண்ட தம்பி வேறு, சித்தப்பா கண்ட அண்ணன் வேறு. இடுப்பில் தூக்கி வைத்துப் பார்த்தவளுக்கு அவர் கன்றுக்குட்டி. கீழே நின்று அண்ணாந்து பார்த்தவருக்கு அவர் காவல்காரர். ஒரு ஆள் செத்துப்போனால் ஒரு ஆள்தான் போகிறார் என்று நாம் நினைக்கிறோம். அவரை எத்தனை பேர் பார்த்தார்களோ அத்தனை பேராக அவர் இருந்திருக்கிறார்.

பாய் கடைசியில் அம்மா பக்கம் திரும்பினார். அம்மா படி ஏறி வந்த இடத்திலேயே, கதவை ஒட்டி முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"நீ சொல்லு தாயி. கூட வாழ்ந்தவ நீதான. இவுக ரெண்டு பேரும் ரெண்டு ஆளச் சொல்லுதாக."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். நான் ரொம்ப ஆசையோடு பார்த்தேன். இத்தனை நேரம் நடந்த சண்டையை அம்மா ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள், அவளுக்குத்தான் தெரியும், சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அவிய சொல்லுறதே சரிதான். அப்படியே வரைஞ்சுருங்க."

இரண்டு பேரும் வேறு வேறு சொல்லும்போது இரண்டும் எப்படிச் சரியாகும்? அம்மாவுக்குத் தெரியவில்லை, அப்பா முகம் மறந்துபோய்விட்டது, அதனால்தான் தலையைக் குனிந்துகொண்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு வருசம்கூட ஆகவில்லையே என்று கோபம் வந்தது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. நானும் அந்த நேரம் முழுக்க அப்பா முகத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அப்பாவோடு நான் அதிகம் போனது சைக்கிளில்தான். அய்யனார் கோவில் அருவிக்குக் கூட்டிப்போவார். பின்னால் கேரியரில் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போவேன். எனக்குத் தெரிந்த அப்பா, முதுகு. அதற்கு மேல் கழுத்து. முடிக்குள் சிக்கிக் கிடக்கும் பஞ்சைப் போகிற வழியெல்லாம் ஒவ்வொன்றாகப் பிய்த்துக் காற்றில் விடுவேன். "என்னலே செய்த பின்னால?" என்று கேட்டுத் திரும்புவார். அங்கேதான் வந்து நிற்கும். திரும்பியது தெரிகிறது, சிரித்தது தெரிகிறது, பீடி வாசனை தெரிகிறது, மூக்கும் கண்ணும் தெரியவில்லை. மில் போட்டோ மாதிரியே. ஆனால் அந்தத் திரும்பலில் அப்பா முழுசாக இருந்தார். அது எனக்குப் போதுமானதாகத்தான் இருந்தது.

அம்மா சொல்லாததை நான் சொல்லிவிடலாம் என்று, "பெடரியில ஒரு மரு இருக்கும். கருப்பா, பெருசா" என்றேன்.

சித்தப்பா குபீரென்று சிரித்துவிட்டார். "பெடரியவாலே சுவத்துல மாட்டுவாக?"

அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. என் தாடையைப் பிடித்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "கண்ணுக்கு எதுக்கும்மா சண்ட? கண்ணு இங்க இருக்குல்ல" என்றார்.

அவர் வேலை செய்யும் முறை அதுதான். இல்லாதவரை இருக்கிறவர்களிடமிருந்து எடுப்பது. சித்தப்பாவுக்கு ஸ்டுடியோ கோட்டை மாட்டினார்கள். ஊருக்கெல்லாம் ஒரே கோட்டு, ஒல்லியானவர்களுக்கு முதுகுப்பக்கம் துணி கிளிப்பு போட்டு இறுக்கிக்கொள்வது. தலைவகிட்டை அத்தை சொன்ன பக்கம் மாற்றி, மீசையை மையால் கொஞ்சம் தடிமனாக்கி உட்கார வைத்தார்கள். சித்தப்பா விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாய் கருப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுத்தார். அடுத்தது நான். ஸ்டூல் மேல் ஒரு மணைப்பலகையைப் போட்டு அதற்கு மேல் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் பெரிய விளக்கு.

"கண்ணச் சிமிட்டாதலே ராசா. ஒங்க அப்பா ஒன் வழியாத்தான் பாக்கணும்" என்றார் பாய்.

சிமிட்டாமல் இருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அழாத அய்யா" என்றாள் அத்தை.

"அழல. கூசுது."

படம் தயாராகிவிட்டதென்று சொன்ன நாளில் சித்தப்பாவும் நானும் மட்டும் போய் வாங்கி வந்தோம். கண்ணாடி போட்ட பெரிய படம். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. சித்தப்பா படத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே ஒரு சித்தப்பா, கீழே கோட்டுப் போட்ட ஒரு சித்தப்பா. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணாச்சி எந்தக் கட்சியில நிக்கீக?"

பஸ்ஸே சிரித்தது. சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில் மட்டும், "ஏலே, ரொம்பவா என்னய மாதிரி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். நான் படத்தின் கண்ணைப் பார்த்துவிட்டு, "இல்ல சித்தப்பா, என்னய மாதிரி இருக்கு" என்றேன்.

முதலில் வந்து பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் ராஜு வீட்டம்மா, "யாரு இது, ஒங்க கொழுந்தனா?" என்று அம்மாவிடமே கேட்டுவிட்டார். முதல் திதிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினோம். சுவரில் தொங்கத் தொங்க, படம் வேலையை ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் உதட்டைப் பிதுக்கியவர்களே, "நாம்தான் சரியாப் பாக்கல, அவரேதான்" என்றார்கள். அத்தை வரும்போதெல்லாம் படத்துக்கு முன்னால் நின்று, "பேசுற மாதிரியே இருக்கான்" என்று அழுதாள். கிளி மூக்கைப் பற்றி அப்புறம் அவள் பேசவேயில்லை. கொஞ்ச காலம் கழித்து என்னைப் பார்ப்பவர்கள், "கண்ணப் பாரு, அப்பன அப்படியே கொண்டிருக்கான்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கே பார்த்து ஒப்பிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என் கண்ணைக் கடன் வாங்கிய படத்தைப் பார்த்து, நான் படத்தின் சாயலைக் கொண்டிருக்கிறேன் என்றார்கள். இன்றைக்கும் என் மகன் அதையே சொல்கிறான்.

அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தபோது அய்யனார் கோவில் சைக்கிளை நினைத்தேன். முதுகு வந்தது. கழுத்து வந்தது. பஞ்சைப் பிய்த்து விட்டேன். "என்னலே செய்த பின்னால?" என்று அப்பா திரும்பினார். சித்தப்பாவின் தாடையோடு, என் கண்ணோடு, கோட்டுப் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்.

பயந்துபோனேன். மறுபடி முதலிலிருந்து நினைத்தேன். மறுபடியும் அதே முகம். பழைய கலங்கல் முகத்தை, அந்தச் சிரிப்பும் பீடி வாசனையும் கலந்த ஒன்றை, இழுத்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. இன்றைக்கு வரை வரவில்லை. மறப்பது என்றால் ஒரு பொருள் வீட்டிலிருந்து காணாமல் போவது மாதிரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இப்போது பேத்தி அந்தப் படத்துக்கு ஒரு சிரிப்பும் கொடுத்துவிட்டாள். இனி அப்பா சிரித்தால் அந்தப் போன் சிரிப்பைத்தான் சிரிப்பார் என்று நினைக்கிறேன். பிள்ளை ஆசையாகச் செய்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அன்றைக்கு, என் அப்பா என்னிடமிருந்து போய்விட்டாரே, அம்மாவிடமாவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அம்மா முற்றத்தில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பிசுபிசுப்பு. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"யம்மா, அப்பா மூஞ்சி ஒனக்கு மறந்திருச்சா?"

சுத்தியல் நிற்கவில்லை. ஒரு கொட்டை, இன்னொரு கொட்டை தெறித்தது.

"மறக்காம இருந்தா சோறு எறங்குமாலே?" என்றாள். "போ, போய் வெளையாடு."

மறந்துவிட்டதாக அவளே சொல்லிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் படம் இருக்கிறது, அவர்களுக்கு அதுவே போதும். அப்போ அப்பா எங்கேதான் இருக்கிறார் என்று தெருமுனையில் நின்று மாடு படுத்திருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருசத் திதி வந்தது. மத்தியானம் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டார்கள். அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். அத்தை கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சித்தப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கி வந்திருந்தார். ஒரு பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா கடைசியாகச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

எங்கள் பக்கம், சாப்பிடுகிறவருக்கு இடது கைப் பக்கம்தான் தண்ணீர் வைப்பார்கள். வலது கை சோற்றில் இருக்கும், எச்சில் படாமல் இடது கையால் எடுத்துக் குடிக்க வேண்டும் அல்லவா. அம்மா செம்பை மறுபக்கம் வைத்தாள். படத்தில் இருப்பவர் இறங்கி வந்து உட்கார்ந்தால் அவருக்கு வலது கைப் பக்கம்.

"என்னட்டி, புத்தி எங்க இருக்கு ஒனக்கு?" என்று அத்தை செம்பை எடுத்து இடது பக்கம் வைத்தாள். "இம்புட்டு வருசம் பந்தி வச்சவ, தண்ணி வைக்கத் தெரியல."

சூடம் காட்டினார்கள். விழுந்து கும்பிட்டோம். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். போனவர் வந்து நிம்மதியாகச் சாப்பிடுவதற்காக. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அத்தை வெளியே வந்தாள், சித்தப்பா வந்தார், என்னையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். கடைசியாக அம்மா. அவள் வாசல் வரை வந்தவள், திரும்பிப் போய்க் குனிந்து, செம்பை எடுத்து மறுபடி வலது பக்கமே வைத்தாள். நான் மட்டும் பார்த்தேன். தண்ணீர் வைக்கும் பக்கம்கூட அம்மாவுக்கு மறந்துபோய்விட்டதே, அத்தை இப்போதுதானே சொன்னாள் என்று எனக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது.

வெகு காலம் கழித்து, எனக்கு மீசை அரும்பி அதே மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம், கேண்டீன் பெஞ்சில் எனக்கு இடது பக்கம் வந்து உட்கார்ந்த ஒரு பெரியவர், யார் மகன் என்று கேட்டார். சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

"நீ சோத்துக் கையாலதான் திங்கே. ஒங்க அப்பனுக்கு இந்த இடது பக்கம் ஒருத்தனும் ஒக்கார மாட்டோம். இடது கையாலதான் திம்பான், முழங்கை வந்து வெலாவுல இடிக்கும்" என்று சிரித்தார். "சின்னதுல அவுக ஐயா அடிச்சு அடிச்சுச் சோத்துக் கைக்கு மாத்தினாராம். அக்கா தம்பி முன்னாலயெல்லாம் அப்படித்தான் திம்பானாம். இங்க வந்தா இஷ்டத்துக்குத் திம்பான். கேட்டா, 'இங்கயும் எம் பொஞ்சாதி முன்னாலயும்தாம்லே நிம்மதியாத் திங்கேன்'ம்பான்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கையை நானும் பார்த்துத்தான் இருப்பேன். அதிலிருந்து உருண்டை வாங்கித் தின்றிருப்பேன். சோற்றைப் பார்த்தேனே தவிரக் கையைப் பார்க்கவில்லை.

அந்தத் திதியன்றைக்கு அம்மா செம்பை வைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிடவில்லை. நிமிர்ந்து, படத்தைப் பார்க்காமல், இலைக்குப் பின்னால் ஒன்றுமில்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, இலையில் கை வைக்கும் வரை நிற்கிறவள் மாதிரி நின்றாள். பிறகுதான் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "பசிக்கும்மா, எப்பத் தெறப்பீக?" என்று கேட்டேன்.

"செத்தப் பொறு" என்றாள் அம்மா. "இப்பத்தான ஒக்காந்திருக்காக."